புழு வீட்டுக்குள் போன கேமரா

மாதம் ஒருமுறை நான் தவறாமல் படிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஜப்பானின் கேமரா கடைகளில் முந்தைய மாதம் எந்தக் கேமரா அதிகம் விற்றது என்று வரிசைப்படுத்தி இணையத்தில் போடுவார்கள். அந்தக் கடைகளை நான் பார்த்ததில்லை. பார்க்கப் போவதுமில்லை. தருமபுரியில் உட்கார்ந்து அதைப் படிப்பதற்குத் தொழில் பழக்கம் ஒன்றுதான் காரணம். மாவட்டச் செய்தியாளனாக இருந்த காலம் முழுவதும் தரவரிசைகளோடு பிழைத்தேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மாநிலத்தில் நம் மாவட்டம் எத்தனையாவது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஏறியிருந்தால் ஒரு தலைப்பு, இறங்கியிருந்தால் வேறு தலைப்பு. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்டால் அதிகாரிகள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பட்டியல் எதுவும் சொல்லாது. எண்ணை மட்டும் காட்டும்.

கேமரா பட்டியலும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே நிற்பவை பெரும்பாலும் பெரிய கேமராக்கள் அல்ல. மைதானத்தில் நின்று எடுப்பவர்கள் தோளில் சாய்த்து வைத்திருக்கும் ரகம் எப்போதாவது எட்டிப் பார்க்கும், அடுத்த மாதம் இறங்கிவிடும். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கேமராக்கள்தான் இடத்தை விடாமல் இருந்தன. வெளிவந்து வருடங்களான மாடல்கள்கூட நகரவில்லை. சிலவற்றுக்குக் கடையில் சரக்கே இல்லை, பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்று அடியில் எழுதியிருந்தது. எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில், போனைவிடக் கொஞ்சமே பெரிதான ஒரு பொருளுக்கு எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

இந்தக் கேமராக்களில் கண்ணாடி கிடையாது. பழைய கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் அது மேலே மடங்கி வழிவிட்டு மறுபடி இறங்கும். ‘டப்’ என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் முதுகை நிமிர்த்துவார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். அதற்கான இடமும் போயிற்று, எடையும் குறைந்தது. வேண்டுமென்றால் சத்தமே இல்லாமலும் எடுக்கலாம்.

எனக்கு ஒன்று கிடைத்தது தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு கல்யாணப் புகைப்படக்காரரிடம். மோதிரம், தாலி போன்றவற்றைக் கிட்டத்தில் எடுக்கும் ஒரு லென்ஸோடு சேர்த்து விற்கத் தயாராக இருந்தார்.

“படம் சூப்பரா வருது சார். அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா மண்டபத்துல இதுக்கு மரியாத இல்ல” என்றார்.

“மரியாதை எதுக்கு?”

“மேடையில வழி வேணும்ல. பெரிய கேமராவப் பாத்தா கூட்டம் தானா ஒதுங்கும். இதப் பாத்துட்டு, ‘தம்பி கொஞ்சம் நவுருப்பா, போட்டோக்காரரு எடுக்கட்டும்’ங்கறாங்க. நான்தான் சார் போட்டோக்காரன்.”

அவருக்கு உதவாத குணம் எனக்கு உதவும் என்று தோன்றியது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பை சற்றுத் தொங்கியது, அவ்வளவுதான்.

எதை எடுப்பது என்று யோசித்தபோது என் சித்தி மகள் நினைவுக்கு வந்தாள். கடத்தூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவளும் அவள் கணவரும் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். வீட்டை ஒட்டி மல்பெரித் தோட்டம். அதன் ஓரத்தில் புழுக்களுக்கென்று கட்டிய நீண்ட கொட்டகை. அதைப் புழு வூடு என்பார்கள். உள்ளே மரச்சட்டத்தில் அடுக்கடுக்காகப் படுக்கைகள், அவற்றின்மேல் மல்பெரிக் கிளைகள், கிளைகளின்மேல் புழுக்கள். புழு கூடு கட்டுவதைக் கிட்டத்தில் நின்று எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. போனில் கேட்டபோது, கடைசிப் பருவம் நடக்கிறது, இன்னும் சில நாளில் கூடு கட்டிவிடும், வாங்க என்றாள். உள்ளே விடுவேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கம்பி வேலியின் படலைத் திறக்கப் போனேன். சுண்ணாம்புப் பொடி அப்பிய கைகளோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

“அண்ணா, அங்கயே நில்லுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

வேப்ப மரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சிரித்தார். “வாங்க மச்சான். நீங்களாச்சும் பரவால்ல. போன வாரம் எங்க பெரியம்மா மவன் கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தான். படலத் தொறக்கவே வுடல. வெத்தல பாக்குத் தட்டு வேலி மேலதான் வந்துச்சு.”

“அவங்க வூட்லயும் புழு இருக்குது. கால்ல எந்த நோவ ஒட்டிக்கிட்டு வந்தாரோ, யாரு கண்டா?” என்றாள்.

“நோவு கால்ல வருதோ, கதவுல வருதோ” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்த கதையை, அவர் மோட்டார் போடத் தோட்டத்துப் பக்கம் போன பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். இதற்கு முந்தைய இரண்டு வளர்ப்பும் வீணாகிவிட்டன. புழுவில் நோய் எதுவும் தெரியவில்லை. ஒழுங்காகத் தின்று ஒழுங்காகக் கூடு கட்டின. கொஞ்ச நாளில் கூட்டின் ஒரு முனையில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்த கூட்டில் நூல் அறுந்து அறுந்து வரும், யாரும் வாங்கமாட்டார்கள். ஊசி ஈ என்று ஒன்று உண்டு. அது புழுவின் உடம்பில் முட்டையிடும். முட்டை பொரிந்து உள்ளே போகும், பிறகு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்காகத்தான் சன்னலுக்கெல்லாம் நைலான் வலை, வாசலுக்கு இரட்டைக் கதவு. வலையில் ஒரு கண்கூடக் கிழியவில்லை. அப்படியானால் ஈ கதவு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடுபவள் அவள்.

“இதுவும் போச்சுன்னா தோட்டத்த குத்தகைக்கு வுட்டுட்டு ஓசூருக்குப் போயிரலாம்ங்கறாரு. கம்பெனில வேல இருக்குதாம். ஆளுகிட்டப் பேசியே வெச்சுட்டாரு.” கையிலிருந்த சுண்ணாம்பைத் தேய்த்து உதிர்த்தாள். “இந்தத் தொழில நான்தாண்ணா கொண்டாந்தேன். பயிற்சிக்குப் போனது நானு. அவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

அந்த ஒரு வளர்ப்பின்மேல் எல்லாம் நின்றது. இந்த நிலையில் படம் எடுக்க வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவளே கேட்டாள்.

“கேமரா எங்கண்ணா?”

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“இதுவா? பேப்பர்ல இருந்தப்ப கழுத்துல ஒன்னு தொங்குமே, ஆட்டுக்கல்லு மாதிரி.”

“அது செய்யற வேலய இது செய்யும்.”

“பிளாஷ் அடிச்சா புழு மெரளும்.”

“அடிக்காது.”

“சத்தம்?”

“வராது.”

“எங்க, எடுங்க பாக்கலாம்.” முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். “எடுங்கண்ணா.”

“எடுத்துட்டேன்.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். வேலிக் கம்பிக்குப் பின்னால் அவள் முகம், புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூள்வரை தெரிந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப அது மட்டும் உள்ள போவட்டும். நீங்க வேணாம்” என்றாள்.

அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடத் தொழிலில் கேமரா இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். பிணவறை வாசலிலும் பொதுக்கூட்ட மேடையிலும் நான் போன தூரம்தான் அது போனது. இப்போது அதைத் தனியாக அனுப்ப வேண்டும். இந்தக் கேமராவை போனோடு இணைக்கலாம். வெளியே உட்கார்ந்தபடி அது பார்ப்பதை நான் பார்க்கலாம். இவ்வளவு இடைவெளிக்கு ஒரு படம் என்று சொல்லிவிட்டால் தானாக எடுத்து, ஒவ்வொரு படத்தையும் சின்ன அளவில் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சம்மதம் கிடைத்ததும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். உள்ளே போகும் கத்தி, கூடை, கால் எல்லாம் அதில் நனைந்துதான் போகும்.

“ஒரு முக்கு முக்கி எடுத்தர்றேன், குடுங்க.”

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தண்ணீர் பட்டால் கேமரா செத்துவிடும் என்றேன். முக்காவிட்டால் புழு செத்துவிடும் என்றாள். கடைசியில் வெயிலில் காயவைப்பது என்று முடிவானது. வெயில் எதையும் சுத்தம் செய்யும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. லென்ஸை மூடி, கழுவிய முறத்தில் வைத்து, மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மோட்டார் போட்டுவிட்டு வந்த கணவர் மேலே பார்த்தார்.

“நல்லாக் காயட்டும். மொளகாயோட சேத்து அரச்சுக்கலாம்.”

காய்ந்த கேமராவை, குளித்துப் புடவை மாற்றிவந்த அவள் ஒரு தட்டில் வைத்து எடுத்துப் போனாள். வெளிக்கதவைத் திறந்து, நுழைந்து, மூடி, பிறகு உள்கதவைத் திறந்தாள். சின்ன முக்காலியில் நிறுத்தி மேலடுக்கின் சட்டத்தில் கட்டி, நடு அடுக்கைப் பார்க்கத் திருப்பினாள். கரண்டுக்கு ஒரு வயர் இழுத்தோம். நான் சன்னல் வலைக்கு வெளியே நின்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று குரல் கொடுத்தேன். பிறகு வேப்ப மரத்தடிக்கு வந்து போனைப் பார்த்தேன்.

செய்திக்காக இந்தக் கொட்டகைகளைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறேன். மானியம், விலை வீழ்ச்சி, கட்டடத் திறப்பு. புழுவைப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. திரையில் இருந்தது நான் நினைத்திருந்த வெள்ளைப் புழு அல்ல. தோல் காய்ச்சிய பாலின் ஆடைபோல் இருந்தது. பக்கவாட்டில் ஒரே அளவு இடைவெளியில் கரும்புள்ளிகள், மூச்சு விடும் துளைகள். முதுகின் நடுவில் தலைமுதல் வால்வரை மங்கலான ஒரு கோடு. அது அசைவதுபோல் தெரிந்தது. பெரிதாக்கினேன். அசைவு பின்னாலிருந்து முன்னால், அலைபோல், நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. இதயம். கொட்டகைக்கு உள்ளே, இரண்டு கதவுக்கும் ஒரு வலைக்கும் அப்பால், மல்பெரி தின்னும் புழுவின் இதயத் துடிப்பை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் காப்பி இருந்தது. அதைக் குடிக்கவில்லை.

சத்தம் தனியாக வந்தது. ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைக் கடிக்கும் ஓசை, கூரை ஓட்டில் தூறல் விழுவதுபோல் சன்னல் வழியாக வந்தது. படத்தில் சத்தமில்லை, காதில் படமில்லை. இரண்டையும் மனம்தான் சேர்த்தது.

அவள் வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தபடியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“தெனம் மொகத்துல முழிக்கறதுதான். இது உசுரு அடிக்கறது எனக்குத் தெரியாதுண்ணா.”

அவள் கணவர் எழுந்து வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார். “இவ்வளவு ரோமமா இருக்குது காலுல” என்றார். கட்டிலுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று பார்த்தார்.

மறுநாளும் காலையில் பேருந்து ஏறிப் போனேன். கேமரா உள்ளேயே இருந்தது. அந்த மாதத்துப் பட்டியல் அன்றுதான் வந்திருந்தது. வண்டியில் உட்கார்ந்து படித்தேன். சின்னக் கேமராக்கள் அப்படியே மேலே நின்றன. முதல்முறையாக அந்தப் பெயர்களை வெறும் பெயர்களாகப் படிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத அந்த ஊர்களில் இவற்றை வாங்குபவர்கள் எல்லோரும் எங்கே அனுப்புகிறார்கள்? எந்த அலமாரிக்குள், எந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில், எந்தக் குருவிக்கூட்டுக்கு எதிரில் அவை சத்தமில்லாமல் நிற்கின்றன? வரிசை எண்களுக்குப் பின்னால் இப்படி ஒரு நாடே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பேருந்தில் உறைத்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து திரும்பினேன்.

மதியத் தீனி போடும் நேரம் வந்தது. கொட்டகைச் சுவர் நிழலில் காலையில் வெட்டிய மல்பெரிக் கிளைகள் கட்டுக்கட்டாக நின்றன, வாடாமலிருக்க ஈரச் சாக்கு போர்த்தி. அந்தப் பக்கத்தில் புழு வளர்ப்பவர்கள் எல்லோரும் தழையை அப்படித்தான் வைக்கிறார்கள். கணவர் ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் வைத்தார். அவள் கால்களை நனைத்துக்கொண்டு உள்ளே போனாள். போனில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெறும் காம்புகள். பிறகு வளையல் போட்ட கை. பிறகு பச்சை, முழுப் பச்சை. புழுக்கள் மறைந்துபோயின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக இலைக்கு மேலே ஏறிவந்தன. அவள் வெளியே வந்து கை கழுவினாள்.

ஒரு படத்தில், புழு ஒன்றின் முதுகுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு துளி இருந்தது. புழுக்கை என்று நினைத்தேன். அடுத்த படத்தில் அது இடம் மாறியிருந்தது. அதற்கடுத்ததில் வேறொரு புழுவின்மேல் இருந்தது. பெரிதாக்கினேன். சாம்பல் நிற முதுகில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். வீட்டு ஈயைவிடப் பெரியது.

போனை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். “ஊசி ஈ” என்றாள், குரல் உயராமல். எழுந்தாள். ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. வாளியில் கால்களை நனைத்தாள், வெளிக்கதவைத் திறந்து மூடினாள், உள்கதவு திறக்கும் ஓசை வந்தது. ஈயைப் பிடிக்கப் போகும்போதுகூட அந்த வரிசையில் ஒன்றையும் விடவில்லை. போனில் அவள் தோள் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு முறுக்கிய துண்டின் நுனி. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. நானும் அவள் கணவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்தபோது மல்பெரி இலை ஒன்றை மடித்துப் பிடித்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். செத்திருந்தது.

கணவர் அதைப் பார்த்தார். “எத்தன தடவ சொல்றது. கதவத் தொறந்து போட்டுட்டு உள்ள நின்னுருப்ப” என்றார்.

ஏற்கெனவே இரண்டு வளர்ப்புக்கு இதே பேச்சைக் கேட்டவள். தோட்டத்தைப் பார்த்தபடி நின்றாள்.

எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. செய்தி எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதான் கற்ற வேலை. படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். ஈ இருக்கும் படங்கள், ஈ இல்லாத படங்கள், மறுபடி ஈ. பச்சை இலைகள் குறைந்துகொண்டே வந்தன, காம்புகள் தெரியத் தொடங்கின. கை வந்தது. அங்கே நிறுத்தினேன்.

அவள் கை ஒரு கிளையைப் படுக்கையில் வைத்துக்கொண்டிருந்த கணம். விரல்கள் இன்னும் கிளையை விடவில்லை. கிளையின் நுனியிலிருந்து மூன்றாவது இலை புரண்டிருக்க, அதன் அடியில், இலை நரம்பைப் பிடித்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. சிறகு மடங்கியிருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்து அதில் இறங்கியதல்ல. கிளையோடு வந்தது. படத்தின் மூலையில் பிரித்த கட்டும் ஈரச் சாக்கின் ஓரமும் தெரிந்தன.

கேமரா ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால் இது படத்தில் விழுந்திருக்காது. அரை நிமிடம் முந்தியோ பிந்தியோ எடுத்திருந்தாலும் இல்லை. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் அழுத்தாமல், சத்தமில்லாமல் எடுக்கப்பட்ட ஒரு படம். என் வாழ்நாளில் நான் குறிபார்த்து எடுத்த எந்தப் படத்திலும் இவ்வளவு செய்தி இருந்ததில்லை. போனைக் கணவரிடம் கொடுத்தேன்.

இரண்டு விரலால் பெரிதாக்கினார். சிறிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார்.

“இது கட்டுல இருந்த தழ” என்றார்.

“ஆமா.”

“கட்டு வெளியதான நிக்குது.”

அவரே நடந்து போய் நிழலில் மீதமிருந்த கட்டின்மேல் இருந்த சாக்கைத் தூக்கினார். உள்ளிருந்து ஒன்று எழுந்து, அவர் காதோரமாகப் பறந்து போனது. சாக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வலை, இரட்டைக் கதவு, சுண்ணாம்பு, பத்திரிகை வைக்க வந்தவருக்குக்கூடத் திறக்காத படல். அத்தனையையும் கடந்து, ஈ தினமும் அவர் தோளில் ஏறி உள்ளே போயிருக்கிறது. தழை சுத்தமானது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். புழு தின்னும் பொருளைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

“கதவுல வரல” என்றார் கடைசியில். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். “சரி, முட்ட எதுல வெச்சுதுன்னு பாருங்க மச்சான். நான் இத ஒதறிட்டு வர்றேன்” என்று கட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வெகுதூரம் போனார்.

கேமராவை வெளியே கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த முழு அளவுப் படங்களைப் போனுக்கு மாற்றினோம். அவற்றைப் பெரிதாக்கியபோது ஈ உட்கார்ந்து எழுந்த புழுக்களின்மேல் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது, ஊசிமுனை அளவு. உப்புத்தூள் ஒட்டியதுபோல். சட்டைப் பையில் அடங்கும் அந்தப் பொருள் இதையும் விடாமல் எழுதி வைத்திருந்தது. அவள் உள்ளே போனாள். நான் வலைக்கு வெளியே நின்று, எந்தக் கிளைக்குப் பக்கத்தில், எந்த மூலையில் என்று சொல்லச் சொல்ல, அந்த வட்டத்தில் இருந்த புழுக்களையெல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவை இடம் மாறியிருந்தன. அதனால் ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்து, பொட்டு இருந்ததைத் தனியாக ஒதுக்கினோம். படத்துக்கு வெளியே அது எங்கெல்லாம் உட்கார்ந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லும் படம் எதுவும் இல்லை.

அதன்பிறகு தழை தோட்டத்திலேயே உதறப்பட்டு, வலையால் சுற்றிக் கட்டப்பட்டு, உள்ளே போகும் முன் இன்னொரு முறை உதறப்பட்டது. அதைச் செய்தவர் அவர். அவள் கதவருகே நின்று, “இன்னொருக்கா” என்பாள். மறு பேச்சில்லாமல் இன்னொரு முறை உதறுவார். “தழ வெலாவெல்லாம் ஒடயுது. புழுவுக்கு வெறுங்குச்சிதான் கெடைக்கும் போலிருக்குது” என்று என்னிடம் மட்டும் முனகினார்.

புழுக்கள் பழுத்தன. தின்பதை நிறுத்தி, உடம்பு தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ, தலையைத் தூக்கி இடம் தேடின. கூடு கட்டுவதற்கான நெளிவலையில் அவற்றை ஏற்றினாள். கேமரா மறுபடி முறத்தில் காய்ந்து உள்ளே போனது. நான் கேட்டு வந்த படம் அப்போதுதான் கிடைத்தது. ஒரு புழு முதலில் அங்குமிங்கும் நூலை ஒட்டி ஒரு கலைந்த வலை பின்னியது. அதற்கு நடுவில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, மறுபடி, மறுபடி. வலைக்குள் அது முழுதாகத் தெரிந்தது. பிறகு மெல்லிய திரைக்குப் பின்னால் நிழலாக. பிறகு அசைவு மட்டும். கடைசியில் வெள்ளைச் சுவர். உள்ளே அது இன்னும் பின்னிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், பார்க்க எதுவும் இல்லை. நாங்கள் மூவரும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டை விழுமா என்பது அதற்குள்தான் இருந்தது. எந்தக் கேமராவும் அங்கே போகாது.

சில நாள் அவள் என் போனை எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு காலை அவளே கூப்பிட்டு, தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரச் சொன்னாள். குரலில் இருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்காடிக்குள் கூடுகள் குவியல் குவியலாகத் தட்டுகளில் கிடந்தன. அவளுடைய தட்டின் முன்னால் அவளும் கணவரும் நின்றார்கள். கூடு வாங்க வந்த நூற்பாலைக்காரர் ஒருவர் ஒரு கை அள்ளி எடுத்து, விரலால் அழுத்தி, காதருகே குலுக்கி, முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கை அள்ளினார். அவள் தட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். ஓட்டைக் கூடுகள் இல்லாமல் இல்லை. அவற்றை வீட்டிலேயே பொறுக்கி ஒரு சின்னப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். முந்தைய முறை அப்படிப்பட்ட கூடுகளுக்குச் சாக்கே தேவைப்பட்டது. நூற்பாலைக்காரர் கையிலிருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு, “சுத்தமா இருக்குதும்மா” என்று ஏலத்துக்குக் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். “ஓசூருல பேசி வெச்ச ஆளு காலைல போன் பண்ணான் மச்சான். புழு வெச்சிருக்கறேன், வர முடியாதுன்னுட்டேன்.” தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

“அண்ணா, அந்தப் படம் இருக்குதா?” என்றாள்.

எந்தப் படம் என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துத் தட்டுக்கார அம்மாவிடம் காட்டினாள். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்.

“இது யாரு கையி?” என்றார் அவர்.

“என் கையிதான். கைய வுடுங்க. எலைக்கு அடியில பாருங்க.”

அந்த அம்மா போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அவருக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டி இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இலை வளர்ந்தது, நரம்பு வளர்ந்தது, மடங்கிய சிறகும் கோடு போட்ட முதுகும் திரையை நிறைத்தன. ஏலம் கூவும் சத்தம் மட்டும் கேட்டது.

“தழயிலயா வருது?” என்றார் ஒரு பெண், யாரையும் கேட்காத குரலில்.

“தழயிலதான்.”

பாலக்கோட்டு அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில், தன் வீட்டுச் சுவரோரம் ஈரச் சாக்குக்குள் நிற்கும் கட்டு தெரிந்தது. இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஏங்க, மத்தியானத் தழயப் போட்டுட்டீங்களா? இல்லல்ல, இருங்க. உள்ள கொண்டு போவாதீங்க. தோட்டத்துக்குக் கொண்டு போயி ஒதறுங்க. சொன்னா கேளுங்க, எதுக்குன்னு வந்து சொல்றேன். மொதல்ல ஒதறுங்க.”